பதின்ம வயதுப் பிள்ளைகளுக்குத் தனிக் கணக்கு: வாங்கியதெல்லாம் போய்விடுமா?

கேள்வி, ஜனவரி 6

வீட்டில் நாலு பேருக்கும் ஆப்பிள், கூகுள் மாதிரியான இணையக் கணக்கு ஒன்றே ஒன்றுதான். பாட்டு, படம், ஆப், விளையாட்டு எல்லாம் பல வருஷமாக அதில்தான் வாங்கியிருக்கிறோம். மகளுக்கு 14, மகனுக்கு 11. இரண்டு பேருக்கும் தனிக் கணக்கு போடலாம் என்றால், வாங்கியது எல்லாம் போய்விடும் என்று ஒருவர் பயமுறுத்துகிறார். பிள்ளைகள் நம் கணக்கிலேயே இருந்தால்தான் என்ன பார்க்கிறார்கள் என்று தெரியும் என்கிறார் இன்னொருவர். யார் சொல்வதைக் கேட்பது?

ஜனவரி 6, இரவு

இரண்டு பேர் சொல்வதும் சரியில்லை.

வாங்கியது எங்கேயும் போகாது. எந்தக் கணக்கில் வாங்கினீர்களோ அதிலேயே இருக்கும். வீட்டில் பணம் கட்டுகிற பெரியவர் அந்தப் பழைய கணக்கைத் தன்னுடையதாக வைத்துக்கொள்ளட்டும். பிள்ளைகளுக்குப் புதிதாகத் தொடங்கி எல்லாரையும் ஒரு குடும்பக் குழுவில் சேருங்கள். ஆப்பிளில் இதற்கு ஃபேமிலி ஷேரிங் என்று பெயர், 2014-இல் வந்தது. கூகுளிலும் குடும்பக் குழு உண்டு. இரண்டிலும் குழு அமைப்பவரைச் சேர்த்து 6 பேர் வரை இருக்கலாம். ஒருவர் வாங்கிய ஆப்பை மற்றவர்கள் தங்கள் கணக்கிலிருந்தே இறக்கிக்கொள்ளலாம்.

எல்லாமே பகிர முடியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். விளையாட்டுக்குள் வாங்கிய காசு, வைரம் மாதிரியானவை வாங்கியவர் கணக்கோடு சரி. மாதச் சந்தாவில் சில பகிரலாம், சில முடியாது. அந்த ஆப்பைச் செய்தவர் என்ன அனுமதித்திருக்கிறார் என்பதைப் பொறுத்தது. கூகுள் பிளேயில் 2016 ஜூலை 2-க்கு அப்புறம் வாங்கிய ஆப்களைப் பகிரலாம். அதற்கு முந்தையவை, செய்தவர் திறந்துவிட்டிருந்தால்தான்.

இன்னொரு யோசனையும் வரும்: பழைய கணக்கை மகளுக்கே கொடுத்துவிட்டு நாம் புதிதாகத் தொடங்கலாமே என்று. தயவுசெய்து வேண்டாம். உங்கள் அட்டை எண், ரசீதுகள், தேடிய வரலாறு எல்லாம் அதில் இருக்கிறது. வங்கியிலிருந்து ஏதாவது தளம் வரை, கடவுச்சொல்லை மீட்கும் மடல் வந்து சேர்கிற இடமும் அதுதான். அதைப் பிள்ளையிடம் கொடுப்பது உங்களுக்கும் நல்லதில்லை, பிள்ளைக்கும் நல்லதில்லை.

ஜனவரி 7

பிறந்த தேதியைப் பற்றி நேற்றே எழுதியிருக்க வேண்டும். மற்ற எல்லாவற்றையும்விட இதுதான் முக்கியம்.

உண்மையான தேதியைப் போடுங்கள். 11 வயது மகனுக்கு 13 என்று போட்டுத் தாண்டிவிடலாம் என்று உங்களிடம் நாலு பேர் சொல்வார்கள். அந்த 13 வானத்திலிருந்து விழுந்தது இல்லை. அமெரிக்காவில் 1998-இல் இயற்றி 2000-இல் நடைமுறைக்கு வந்த காப்பா சட்டம், 13 வயது நிரம்பாத பிள்ளைகளின் தகவலைத் திரட்டப் பெற்றோரின் சம்மதம் வேண்டும் என்றது. பெரிய நிறுவனங்கள் பலவும் அங்கேயே இருப்பதால் உலகம் முழுக்க அந்த எண் ஒட்டிக்கொண்டது. ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 16 என்று வைத்து, உறுப்பு நாடுகள் விரும்பினால் 13 வரை குறைத்துக்கொள்ளலாம் என்றது. அதனால் நாட்டுக்கு நாடு கொஞ்சம் மாறும்.

பொய்யான தேதி அன்றைக்கு வசதியாகத்தான் இருக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 9 வயதில் 13 என்று போட்ட பிள்ளை, 14 வயதில் அந்தத் தளத்துக்கு 18 வயதுப் பெரியவர். பெரியவர்களுக்கான விளம்பரம் வரும், முன்பின் தெரியாதவர்கள் செய்தி அனுப்ப முடியும், வயது வரம்பு போட்ட காணொளிகள் திறக்கும். இன்ஸ்டாகிராம் 2024 செப்டம்பரில் பதின்ம வயதினருக்கென்று தனிக் கணக்கு முறையைக் கொண்டுவந்தது. தானாகவே மூடிய கணக்காக (பிள்ளை அனுமதித்தவர்கள் மட்டும் பார்க்க முடிகிற கணக்காக) இருக்கும், 16 நிரம்பாதவர்கள் அந்தக் கட்டுப்பாட்டைத் தளர்த்தப் பெற்றோர் அனுமதி வேண்டும். இந்தப் பாதுகாப்பு எல்லாம் பிறந்த தேதியை நம்பித்தான் ஓடுகிறது. தேதி பொய் என்றால் அது பிள்ளையைக் கண்டுகொள்ளாது.

உங்கள் மகனுக்கு 11 என்பதால் அவனாகக் கணக்கு தொடங்க முடியாது; நீங்கள் உங்கள் கணக்கிலிருந்து தொடங்கிக் கொடுக்க வேண்டும். ஆப்பிளில் அப்படித் தொடங்கிய கணக்கைக் குடும்பக் குழுவிலிருந்து சும்மா எடுத்துவிட முடியாது. வேறொரு குடும்பக் குழுவுக்கு மாற்றலாம், இல்லையென்றால் கணக்கையே அழிக்க வேண்டும். மகளுக்கு 14 என்பதால் அவள் கணக்கு வழக்கமான கணக்குதான், குழுவுக்கு அழைப்பு அனுப்பினால் போதும்.

ஜனவரி 9

"ஒரே கணக்கில் என்ன கெட்டுவிட்டது, எங்கள் வீட்டில் நன்றாகத்தானே ஓடுகிறது" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். எங்கள் வீட்டிலும் ஓடியது. பிள்ளைகளுக்குச் சொந்தமாகக் கைப்பேசி இல்லாத வரைக்கும்.

என் பெரிய மகளுக்குக் கைப்பேசி வந்ததும் அதே கணக்கைப் போட்டுக் கொடுத்தோம். அவள் தோழி கூப்பிட்டால் என் கைப்பேசியும் அடிக்கும், அவள் அப்பாவுடையதும் அடிக்கும். அவள் தனக்குத் தெரியாத பெயர்களை எல்லாம் தொடர்புப் பட்டியலிலிருந்து அழித்தாள். என் அலுவலக ஆட்களின் எண்கள் என் பேசியிலிருந்தும் காணாமல் போயின. அவள் எடுத்த படங்கள் எங்கள் படங்களோடு வந்து கலந்தன. அவற்றில் அவள் தோழிகளின் படங்களும் இருந்தன. அந்தப் பெண்களுக்கு நாங்கள் பார்க்கிறோம் என்று தெரியாது. அதுதான் எனக்கு மிகவும் உறுத்தியது.

அப்புறம் காணொளி. என் மாமியாருக்கு அறுவை சிகிச்சை என்று முடிவானபோது, என்ன செய்வார்கள், எத்தனை நாள் படுக்கையில் இருக்க வேண்டும் என்று இரவெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தேன். காலையில் சின்னவன் கார்ட்டூன் பார்க்க உட்கார்ந்தால் முகப்பு முழுக்க அறுவை சிகிச்சைக் காணொளிகள். எதுவும் பேசாமல் பள்ளிக்குப் போய்விட்டான். சாயங்காலம் வந்து, "அம்மா, உனக்கு உடம்பு சரியில்லையா?" என்று கேட்டான். பகல் முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்திருக்கிறான்.

அதனால்தான் சொல்கிறேன், பிள்ளை பார்ப்பது நமக்குத் தெரிகிறது என்பவர்கள், நாம் பார்ப்பது பிள்ளைக்கும் தெரிகிறது என்பதையும் யோசிக்க வேண்டும்.

ஜனவரி 10

சின்ன விஷயம். மின்னஞ்சல் முகவரிக்குச் செல்லப் பெயர் வேண்டாம், பிறந்த வருஷம் வேண்டாம், இப்போது பிடித்த வீரரின் பெயரும் வேண்டாம். கல்லூரி விண்ணப்பத்திலும் வேலை விண்ணப்பத்திலும் அதே முகவரியைத்தான் எழுதப் போகிறார்கள். பிறந்த வருஷம் போட்டால் வயதை ஊருக்கே சொன்ன மாதிரி ஆகும்.

பள்ளி கொடுத்த மின்னஞ்சலை வைத்துச் சொந்தக் கணக்குகளைத் தொடங்கவும் விடாதீர்கள். பள்ளியை விட்டு வரும்போது அதை மூடிவிட்டால், அதோடு கட்டிய எல்லாவற்றுக்கும் கடவுச்சொல் மீட்கிற வழி அடைபட்டுவிடும்.

ஜனவரி 14

தனிக் கணக்கு கொடுத்துவிட்டு, அதற்குள் என்ன நடக்கிறது என்று முழுவதும் பார்க்கிற ஒட்டுக்கேட்பு ஆப் ஒன்றைப் போட்டால் போதும் என்று ஒரு அப்பா எழுதியிருக்கிறார். அவருடைய பயம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் ஒத்துக்கொள்ள முடியவில்லை.

கூகுளின் ஃபேமிலி லிங்க் 2017-இல் வந்தது. எந்த ஆப்பில் எவ்வளவு நேரம் இருக்கிறார்கள் என்று பார்க்கலாம், ஆப் இறக்க ஒப்புதல் கேட்க வைக்கலாம், இரவு பூட்டலாம், கைப்பேசி எங்கே இருக்கிறது என்று பார்க்கலாம். ஆனால் பிள்ளையின் மின்னஞ்சலையோ செய்திகளையோ அதன் வழியே படிக்க முடியாது, அழைப்புகளைக் கேட்க முடியாது. இன்ஸ்டாகிராமின் பதின்ம வயதுக் கணக்கிலும் கடந்த 7 நாளில் யாருக்கெல்லாம் செய்தி அனுப்பினார்கள் என்று பெற்றோர் பார்க்கலாம், என்ன பேசினார்கள் என்று பார்க்க முடியாது. இந்த எல்லை எனக்குச் சரியாகவே படுகிறது. யாரோடு, எவ்வளவு நேரம், எதற்குப் பணம் என்பது பெற்றோர் கேட்க வேண்டிய கேள்வி. தோழியிடம் அம்மாவைப் பற்றிப் புலம்புவது அவள் உரிமை.

பிள்ளைக்குத் தெரியாமல் போடுகிற ஆப் ஒருநாள் தெரிந்துவிடும். அன்றைக்கு அவர்கள் நிறுத்தப் போவது அந்தப் பேச்சை அல்ல. நமக்குத் தெரிந்த கணக்கில் பேசுவதை நிறுத்திவிட்டு, தெரியாத இன்னொன்றைத் தொடங்குவார்கள். உண்மையிலேயே ஆபத்து இருக்கிறது என்று சந்தேகம் வந்தால் அது வேறு. அப்போது நேரே உட்கார்ந்து, "எனக்குப் பயமாக இருக்கிறது, உன் பேசியைச் சேர்ந்து பார்க்கலாமா" என்று கேளுங்கள்.

ஜனவரி 15

நேற்று எழுதியதில் இருப்பிடம் பார்ப்பதை ஒரு வரியில் கடந்துவிட்டேன். பெரியவளிடம் அதைப் போடும்போது, "நீ என்னைப் பார்க்கிற மாதிரி நானும் உன்னைப் பார்க்கலாமா?" என்று கேட்டாள். கேள்வி நியாயமாக இருந்தது. இப்போது நாலு பேரும் நாலு பேரையும் பார்க்கலாம். அலுவலகத்திலிருந்து கிளம்பிவிட்டேனா என்று அவள் பார்க்கிறாள், பேருந்து ஏறிவிட்டாளா என்று நான் பார்க்கிறேன். அதற்கப்புறம் அதை அணைத்துவைக்க அவள் முயன்றதே இல்லை.

ஜனவரி 18

விளையாட்டுக் கணக்குகளைப் பற்றி மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். இது தனி உலகம். சின்னவன் புண்ணியத்தில் கற்றுக்கொண்டேன்.

கணினி விளையாட்டுகளை விற்கிற ஸ்டீம் தளத்தின் குடும்பக் குழு வசதி, ஸ்டீம் ஃபேமிலீஸ், 2024-இல் முழுமையாக வந்தது. அதிலும் 6 பேர். ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கு, தனிச் சேமிப்பு, தனிச் சாதனைகள். பகிர அனுமதித்த விளையாட்டுகள் எல்லாம் பொதுவில் தெரியும். ஒரே விளையாட்டை ஒரே நேரத்தில் இரண்டு பேர் ஆட வேண்டுமென்றால் இரண்டு பிரதி வேண்டும். வெவ்வேறு விளையாட்டு என்றால் தடையில்லை. பிள்ளை எதையாவது வாங்க விரும்பினால் பெரியவருக்குக் கோரிக்கை வரும்.

இதில் ஒரு விதி பலருக்குத் தெரியவில்லை. உங்கள் பிரதியை ஆடும்போது குடும்பத்தில் ஒருவர் ஏமாற்று நிரல் (குறுக்கு வழியில் ஜெயிக்க வைக்கிற நிரல்) போட்டுத் தடை வாங்கினால், அந்த விளையாட்டில் உங்களுக்கும் தடை. அண்ணன் கட்டி வளர்த்த கணக்கு தம்பி செய்த ஒரு வேலையால் போய்விடும். ஏமாற்று நிரல் என்றால் என்ன, அதை இலவசமாகக் கொடுப்பவன் ஏன் கொடுக்கிறான் என்று பிள்ளையிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். அதில் பல நேரம் கடவுச்சொல் திருடுகிற நிரலும் ஒளிந்திருக்கும்.

இன்னொன்று, யாரைச் சேர்க்கிறோம் என்பதில் அவசரப்படாதீர்கள். குழுவிலிருந்து ஒருவர் விலகினால் அவர் இன்னொரு குழுவில் சேர, முதலில் சேர்ந்த நாளிலிருந்து ஒரு வருஷம் ஆக வேண்டும்; அந்த இடத்தில் வேறொருவரைச் சேர்க்கவும் ஒரு வருஷக் காத்திருப்பு உண்டு. விடுமுறைக்கு வந்த அத்தை பையனைச் சேர்த்துக்கொள்கிறேன் என்று சின்னவன் கெஞ்சினான். இதைச் சொல்லித்தான் நிறுத்தினேன். விளையாட்டுக் கருவி செய்கிற நிண்டெண்டோவில் குடும்பக் குழுவுக்கு 8 பேர் வரை இடம் உண்டு.

ஜனவரி 20

"நெட்ஃபிளிக்ஸில் ஆளுக்கொரு புரொஃபைல் வைத்திருக்கிறோம், அது தனிக் கணக்குதானே?" இல்லை. புரொஃபைல் என்பது ஒரே வீட்டுக்குள் ஆளுக்கொரு அறை. ஒரு கணக்கில் 5 வரை போடலாம், பிள்ளையின் புரொஃபைலுக்கு வயது வரம்பு வைக்கலாம், உங்களுடையதற்கு ரகசிய எண் போட்டுப் பூட்டலாம். ஆனால் கடவுச்சொல்லும் பணமும் ஒருவரிடம்தான். பின்னால் பிள்ளை தனியே போகும்போது புரொஃபைலை வேறு கணக்குக்கு மாற்றிக்கொள்கிற வசதி 2022-இல் வந்தது. அதனால் படம் பார்ப்பதற்குப் புரொஃபைலே போதும் என்பது என் எண்ணம்.

பாட்டு அப்படி இல்லை. ஸ்பாட்டிஃபையின் குடும்பத் திட்டத்தில் 6 பேருக்கும் முழுத் தனிக் கணக்கு. பின்னால் அந்தத் திட்டத்திலிருந்து வெளியே போனால் அது இலவசக் கணக்காக மாறுமே தவிர, சேர்த்துவைத்த பட்டியல்கள் அப்படியே இருக்கும். 14 வயதில் கேட்ட பாட்டு ஒருவரோடு வாழ்நாள் முழுக்க வரும். அந்தப் பட்டியல் அவள் பெயரில் இருப்பதுதான் நல்லது.

தனித்தனியாகப் பிரிந்த பிறகு நான் எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. முன்பு எல்லார் பாட்டும் ஒரே குவியலில் கிடந்தபோது யாரும் யாருடையதையும் கேட்டதில்லை, எரிச்சலோடு தாண்டிப் போவோம். இப்போது பெரியவள் தன் பட்டியலிலிருந்து பொறுக்கி எங்கள் பொதுப் பட்டியலில் போடுகிறாள். அவள் அப்பா பழைய பாட்டுகளைப் போடுகிறார். "இதைக் கேளுங்கப்பா" என்று காரில் ஆரம்பித்தால் வீடு வரும் வரை பேச்சு அதுதான். தனக்கென்று ஒன்று இருந்தால்தான் அதிலிருந்து எடுத்துக் கொடுக்கத் தோன்றும் போலிருக்கிறது.

யூடியூப்: 13 நிரம்பாத பிள்ளையின் கூகுள் கணக்கில் வழக்கமான யூடியூப் தானாகத் திறக்காது. யூடியூப் கிட்ஸ் இருக்கிறது, அது சலித்துப்போன வயது என்றால் 2021-இல் வந்த மேற்பார்வை முறை இருக்கிறது. 9 வயதுக்கு மேல், 13 வயதுக்கு மேல், யூடியூபில் பெரும்பாலானவை என்று மூன்று படி. 11 வயதுக்கு முதல் படியில் தொடங்கி, அவன் பார்ப்பதைப் பார்த்து உயர்த்துங்கள்.

ஜனவரி 27

பணம். ஆப்பிளில் ஆஸ்க் டு பை என்று ஒன்று உண்டு. 13 நிரம்பாதவர்களுக்குத் தானாகவே இயங்கும், 18 வரை நீங்கள் போட்டுவைக்கலாம். பிள்ளை எதையாவது இறக்கவோ வாங்கவோ அழுத்தினால் உங்கள் பேசிக்கு வரும். ஏற்கெனவே வாங்கியதை மறுபடி இறக்கினாலோ, குறிப்பிட்ட ஒரு ஆப்புக்கென்று கிடைத்த பரிசுக் குறியீட்டைப் பயன்படுத்தினாலோ கேட்காது. இது தெரியாமல், பரிசுக் குறியீட்டில் இறக்கியது எப்படி என்னைத் தாண்டிப் போனது என்று ஒருவர் பிள்ளையைத் திட்டியிருக்கிறார். பாவம், பிள்ளை தாண்டவில்லை.

பெரியவளுக்கு இப்போது மாதம் ஒரு தொகை அவள் கணக்கில் இருப்பாக ஏற்றிவிடுகிறோம். அதற்குள் என்ன வாங்குகிறாள் என்று கேட்பதில்லை. சின்னவனுக்கு ஒவ்வொன்றுக்கும் ஒப்புதல் உண்டு. இரண்டு பேருக்கும் ஒரே சட்டம் வேண்டும் என்று அவன் சண்டை போட்டான். வயது வரும்போது உனக்கும் மாறும் என்று சொல்லி, எப்போது மாறும் என்பதையும் சொன்னேன். தேதி தெரிந்ததும் அடங்கிவிட்டான்.

பிப்ரவரி 3

பெற்றோர் பிரிந்து வாழ்கிற வீடுகளில் என்ன செய்வது என்று ஒரு அம்மா கேட்டிருந்தார். பிள்ளை ஒரு நேரத்தில் ஒரு குடும்பக் குழுவில்தான் இருக்க முடியும். ஆப்பிளிலும் கூகுளிலும் குழு மாறுவது வருஷத்துக்கு ஒரு முறைதான். அதனால் வாரம் இங்கே, வாரம் அங்கே என்று மாற்ற வழியில்லை. பேசிக்கொள்ள முடிகிற நிலையில் இருந்தால் மற்றவரையும் அதே குழுவில் பெற்றோர் என்ற பொறுப்பில் சேர்த்துவிடலாம். இரண்டு பேரும் ஒப்புதல் தர முடியும். ஆனால் அதற்கு முன் வாங்கியவற்றைப் பகிர்வதையும் இருப்பிடத்தையும் பாருங்கள், அவருக்குத் தெரிய வேண்டாதது எதுவும் அதில் இருக்கக் கூடாது. பேச முடியாத நிலை என்றால் பிள்ளை அதிக நாள் எங்கே இருக்கிறதோ அந்த வீட்டுக் குழு. மற்ற வீட்டில் அந்த வீட்டுக் கருவியில் தனிப் புரொஃபைல். இதைவிட நல்ல வழி எனக்குத் தெரிந்து இல்லை, நிறுவனங்கள் இதை யோசித்துச் செய்ய வேண்டும்.

பிப்ரவரி 8

கேள்வி கேட்டவர் வேலையைத் தொடங்கிவிட்டாராம். பழைய பொதுக் கணக்கிலிருந்து மகளின் பேசியை வெளியேற்றப் போகிறார். நிறுத்துங்கள், முதலில் இதைப் படியுங்கள்.

ஐபோனில் வெளியேறும்போது தொடர்புகள், நாட்காட்டி இவற்றின் பிரதியைப் பேசியிலேயே வைக்கவா என்று கேட்கும். வை என்று சொல்லுங்கள். படங்கள் அப்படி இல்லை. மேகத்தில் (கணக்கோடு வருகிற இணையச் சேமிப்பிடத்தில்) மட்டும் முழு அளவில் இருக்கிற படங்களைக் கணினிக்கு இறக்கிவைத்துவிட்டு அப்புறம் வெளியேறுங்கள். ஆப்பிள் கருவிகள் என்றால் 2022-இல் வந்த பகிர்ந்த படத் தொகுப்பு இருக்கிறது. குடும்பப் படங்களை அதில் போட்டுவிட்டு, அவள் சொந்தப் படங்களை அவள் கணக்கில் வைக்கலாம்.

வாட்ஸ்அப்தான் எல்லாரையும் அழவைப்பது. அதன் காப்புப் பிரதி, பேசியில் இருக்கிற ஆப்பிள் அல்லது கூகுள் கணக்கில் போய் உட்காருகிறது. கணக்கை மாற்றிய பிறகு பேசி கெட்டுப்போனால், பழைய கணக்கில் இருக்கிற பிரதி புதுக் கணக்குக்கு வராது. அதனால் கணக்கு மாறிய அன்றே வாட்ஸ்அப் அமைப்பில் போய்ப் புதுக் கணக்கில் ஒரு பிரதி எடுத்து, எடுத்த நேரம் அங்கே காட்டுகிறதா என்று பாருங்கள். விளையாட்டுகளில் எவ்வளவு தூரம் வந்திருக்கிறாள் என்பது பழைய கணக்கோடு கட்டப்பட்டிருக்கலாம். ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்து, மாற்ற முடியாதது எது என்று அவளுக்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

வீட்டுக் கணினியையும் மறக்காதீர்கள். ஆளுக்கொரு பயனர் உள்நுழைவு போடுங்கள். ஒரே உலாவியில் மகள் தன் கணக்கை நுழைத்தால் உங்கள் கடவுச்சொற்கள் அவளுக்கும் அவளுடையவை உங்களுக்கும் போய்ச் சேர்ந்து, பிரிக்கவே முடியாமல் ஆகிவிடும்.

பிப்ரவரி 16

கடைசியாக வந்த கேள்வி: பிள்ளையின் கடவுச்சொல் எனக்குத் தெரிய வேண்டுமா?

சின்னவனுடையது எனக்குத் தெரியும், தெரியும் என்பது அவனுக்கும் தெரியும். பெரியவளுடையது தெரியாது. இரண்டடுக்குச் சரிபார்ப்பு, அதாவது கடவுச்சொல்லுக்கு மேல் கேட்கிற இன்னொரு குறியீடு, அவள் எண்ணுக்குத்தான் வருகிறது. பேசி தொலைந்தால் கணக்கைத் திறக்க வழி வேண்டும் என்பதால் மீட்பு எண்ணாக என்னுடையதைப் போட்டிருக்கிறோம். நான் அதை வைத்து உள்ளே போக முயன்றால் அவளுக்கு அறிவிப்பு போகும், அதையும் அவளிடமே காட்டிவிட்டேன்.

பேசி கையில் இல்லாதபோது உள்ளே போக உதவுகிற மீட்புக் குறியீடுகளைத் தாளில் எழுதி ஒரு உறையில் ஒட்டி, பிறப்புச் சான்றிதழ் இருக்கிற கோப்பிலேயே வைத்திருக்கிறாள். 18 ஆனதும் என் எண்ணை எடுத்துவிட்டுத் தனக்கென்று வேறொன்றைப் போட்டுக்கொள்ளலாம். எந்தப் பக்கத்தில் போய் மாற்ற வேண்டும் என்று உறையின் மேலேயே எழுதிவைக்கச் சொன்னேன். உங்கள் மகளுக்கும் இன்றைக்கே அதைச் செய்துவிடுங்கள், கணக்கு தொடங்குகிற கையோடு அந்தக் குறியீடுகளையும் எடுத்துவிடுவதுதான் நல்லது. அப்புறம் தேடிக் கண்டுபிடிக்க யாருக்கும் பொறுமை இருக்காது.